கைடு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளிநாடு போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். கம்போடியாவில் இருக்கும் அங்கோர் வாட் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவருக்குப் பல வருட ஆசை. 2018 ஜனவரியில் போனோம். அதற்கு எட்டு மாதம் முன்பே திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஒரு பழைய கைடு புத்தகம் வாங்கியிருந்தேன். வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றும் சேர்ந்த தடிப் புத்தகம், 2013ஆம் வருடப் பதிப்பு. அவ்வளவு கனத்தைச் சுமக்க வேண்டாம் என்று கம்போடியா பகுதியை மட்டும் பிளேடால் அறுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டேன். மேப்பில் உள்ள குறிகளுக்கு விளக்கம் புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருந்திருக்கிறது. அது வீட்டிலேயே தங்கிவிட்டது. நீங்கள் அறுப்பதாக இருந்தால் அந்த முன்பக்கங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பணக்கணக்கில் புத்தகம் எங்களைக் கைவிட்டது. அங்கோர் கோயில்களைப் பார்க்க மூன்று நாள் டிக்கெட் 40 டாலர் என்று அதில் போட்டிருந்தது. 2017 பிப்ரவரியிலேயே அதை 62 ஆக்கிவிட்டார்கள். ஒரு நாள் டிக்கெட்டும் 20இலிருந்து 37 ஆகிவிட்டது. நாங்கள் எடுத்த மூன்று நாள் டிக்கெட்டில் இரண்டு பேருக்கு 44 டாலர் கூடுதல். டிக்கெட் கொடுக்கும் இடமும் மாறியிருந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் தேடிக்கொண்டிருந்தோம். டுக்டுக் ஓட்டிய தம்பிதான் வண்டியைத் திருப்பிப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து டிக்கெட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். அதனால் ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கிவர முடியாது.

ஆனால் எந்தக் கோயிலை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில் அந்தப் புத்தகம் தங்கம். அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியற்காலையில் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் வரும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கிறது. முகப்புச் சிற்பங்களில் வெயில் விழுவது மதியத்துக்கு அப்புறம்தான். அங்கே இருக்கும் இன்னொரு கோயிலான பாந்தே ஸ்ரெய் கிழக்குப் பார்த்தது, அதற்குக் காலை வெயில். புத்தகத்தில் இதைப் படித்த அன்றே மூன்று நாள் அட்டவணையையும் அடித்துத் திருத்தினேன்.

இன்னொன்று. அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குப் புத்த மதப் புனித நாட்களில் யாரையும் விடமாட்டார்கள் என்று பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி, இவைதான் அந்த நாட்கள். சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். நாங்கள் போட்டுவைத்திருந்த நாள் சரியாகத் தேய்பிறை அஷ்டமி. உடனே நாளை மாற்றினோம். அங்கே அறிமுகமான ஒரு குடும்பம் அந்த அஷ்டமி அன்று போய், படிக்கட்டின் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. அவ்வளவு தூரம் வந்து!

பாந்தே ஸ்ரெய்க்கு ஆறேகால் மணிக்கே கிளம்பினோம். நாங்கள் தங்கியிருந்த சியம் ரீப் ஊரிலிருந்து டுக்டுக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஏழரைக்குக் கதவு திறந்தபோது எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். 967இல் எழுந்த கோயில், சின்னது. இளஞ்சிவப்புக் கல். நம் ஊர் மரவேலைக்காரர்கள் தேக்கில் செதுக்குவதுபோல அவ்வளவு நுணுக்கம். உள்சுற்றின் கிழக்கு வாசலுக்கு மேலே சிவன் ஆடுகிறார். "காலடியில் பாருங்கள், காரைக்கால் அம்மையார்" என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரி. கழுத்தை வளைத்துப் பார்த்தேன். வற்றிய உடம்பு, தொங்கும் மார்பு, உட்கார்ந்த கோலம். பேயுருவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட நம்முடைய அம்மையார், கம்போடியாவின் கெமர் சிற்பி ஒருவர் கையில்! திருவாலங்காட்டில் கும்பிட்டவரை அங்கே பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அண்ணாந்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

அக்கா, அம்மையார் விஷயம் படித்துச் சிலிர்த்தது. நான் ஜப்பான் கதை சொல்கிறேன். 2024 ஏப்ரலில் நானும் அம்மாவும் போனோம். ஆபீஸ் தோழி கொடுத்த புத்தகம், 2019 பதிப்பு. முதல் அத்தியாயத்திலேயே "ஜேஆர் பாஸ் வாங்கிவிடுங்கள், அதுதான் லாபம்" என்று அடித்துச் சொல்லியிருந்தது. ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம் என்ற சீட்டுதான் அது. அது எழுதிய காலத்தில் ஏழு நாள் பாஸ் முப்பதாயிரம் யென்னுக்குள் இருந்தது. அப்போது அது நியாயமான யோசனைதான். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். எங்கள் திட்டமோ டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்புவது மட்டும். புல்லட் ரயிலில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் போகவர ஒருவருக்குச் சுமார் 28,000 யென். கோவையில் ஒரு டிராவல்ஸில் பாஸுக்குப் பணம் கட்டப் போய்விட்டேன். எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று அன்று காலை ரயில் கட்டணத்தைத் தேடியதால் தப்பித்தோம். இரண்டு பேருக்கு 44,000 யென் மிச்சம்.

அதே புத்தகம்தான் அம்மாவைப் பட்டினியில்லாமல் காப்பாற்றியது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். ஜப்பானில் காய்கறி சூப் என்று கேட்டு வாங்கினாலும் அதன் அடிச்சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் கொதிக்கவைத்தது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். கறி வேண்டாம் என்று சொன்னால் போதாது, மீனையும் அந்தச் சாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கங்களில் அதற்கான ஜப்பானிய வாக்கியங்கள் அவர்கள் எழுத்திலேயே இருந்தன. அதைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து அம்மா கையில் கொடுத்தேன். கடைக்காரர்கள் இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாகப் படிப்பார்கள். சிலர் உள்ளே போய்ச் சமையல்காரரிடம் காட்டிவிட்டு வந்து, "மன்னிக்கணும், இங்கே முடியாது" என்பதுபோலத் தலை குனிந்து சொல்வார்கள். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. கியோட்டோவில் புத்தத் துறவிகள் சாப்பிடும் ஷோஜின் சமையலைத் தேடிப் போனதும் புத்தகம் சொல்லித்தான். சின்னச் சின்னக் கிண்ணங்களில் டோஃபு, எள், வேர்க்காய்கள். அம்மா அன்றைக்குத்தான் வயிறார சாப்பிட்டார்.

* * *

வணக்கம். நான் லண்டனில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். போன வருடம் இஸ்தான்புல் போக வெளிக்கிட்டபோது என்னிடம் இருந்தது 2010இல் வாங்கின புத்தகம். முதலில் தேவாலயமாகக் கட்டின ஆயா சோபியா இப்போது அருங்காட்சியகம், திங்கட்கிழமை பூட்டு என்று அதில் கிடக்கிறது. 2020 ஜூலையில் அதைத் திரும்பப் பள்ளிவாசலாக்கிவிட்டார்கள் என்பது செய்தியில் பார்த்ததுதான். ஆனால் அதனால் நேரம் என்ன மாறும் என்று யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் நின்றோம். தொழுகை முடியுமட்டும் எங்களைப் போன்ற ஆட்களுக்கு அனுமதி இல்லை. வெயிலுக்குள் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். வெளிநாட்டவருக்கு 25 யூரோ, மேல்மாடம் மட்டும்தான். மனிசி சால்வை கொண்டுவந்தபடியால் தலை மூட ஒன்றும் வாங்கத் தேவைப்படவில்லை.

மேலே போனபிறகு பழைய புத்தகத்தை விரித்தேன். மாடத்தில் எந்தச் சுவரில் எந்த மொசைக் ஓவியம் என்று போட்ட படம் அப்படியே பொருந்தியது. இயேசுவும் மரியாளும் யோவானும் இருக்கிற அந்தப் பெரிய ஓவியத்தின் கீழ்ப்பாதி உதிர்ந்துபோயிற்று. சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து விழுகிறதோ அதே பக்கம் இருந்து முகங்களிலும் வெளிச்சம் விழும்படி செய்திருக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கதைத்தேன்.

* * *

அக்கா, ஒரு கேள்வி. நாங்கள் அடுத்த வருடம் சியம் ரீப் போகிறோம். புதுப் பதிப்பு விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. உங்களைப்போலப் பழையது வாங்கினால் போதுமா?

* * *

போதும் தம்பி, ஆனால் அதைப் பிரித்துப் படியுங்கள். கோயில் வரலாறு, எந்தத் திசை, எது முதலில் எது அப்புறம், என்ன உடுத்த வேண்டும் (தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்) எல்லாவற்றையும் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். விலை, நேரம், விசா, பஸ், தங்குமிடம் என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் வட்டம் போட்டதை மட்டும் அந்தந்த அதிகாரப்பூர்வத் தளத்தில் சரிபாருங்கள். நான் அப்படிச் செய்யாததால்தான் அந்த 44 டாலர் எதிர்பாராத செலவாகிவிட்டது. டாலர் நோட்டு கிழிசல் இல்லாமல் இருக்கட்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அது நிஜம். ஓரத்தில் துளி கிழிந்திருந்த ஐந்து டாலர் நோட்டை எந்தக் கடையிலும் வாங்கவில்லை.

விமான நிலையத்தையும் கவனியுங்கள். எங்கள் காலத்தில் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. 2023 அக்டோபரில் புது நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள், நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. திரும்பும் நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஸ்பைரல் புத்தகம் இப்போது திருச்சியில் தங்கையிடம் இருக்கிறது. அவள் போன டிசம்பரில் போய்வந்தாள். விமான நிலையப் பக்கத்தைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் புது விவரத்தை நீல மையில் எழுதிவைத்திருக்கிறாள். பாந்தே ஸ்ரெய் பக்கத்தில் மட்டும் எதையும் அடிக்கவில்லை. என் பென்சில் கோட்டுக்குக் கீழே, "நானும் பார்த்தேன்" என்று எழுதி, தேதி போட்டிருக்கிறாள். உங்கள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் தம்பி, அதைக் கூரியரில் போடச் சொல்கிறேன்.