கோடையில் வெடித்த தேக்கு மேசைப் பலகை: அடைப்பதா, பிரிப்பதா?

மொட்டைமாடிப்பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வீட்டு மாடியில் சிறிய பட்டறை ஒன்றை அமைத்து, ஓய்வு நேரங்களில் மரவேலை செய்து வருகிறேன். கார்த்திகை மாதத்தில், ஆறங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள நான்கு தேக்குப் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, ஐந்தடிக்கு இரண்டடி அளவில் எழுதுமேசை ஒன்றைச் செய்தேன். மேற்பலகை வளையக் கூடாது என்பதற்காக, அடியில் மூன்று குறுக்குச் சட்டங்களைப் பசை தடவி ஒட்டித் திருகாணியும் முடுக்கியிருந்தேன். சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு முனையில் மர ரேகையை (இழை ஓடும் திசையை) ஒட்டியே விரிசல் விட்டு, இப்போது ஒன்றரை அடி நீளத்துக்கு ஓடியிருக்கிறது. முனையில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைகிறது. பசை போட்ட இடத்தில் விடாமல், ஒரு பலகையின் நடுவில் விரிசல் விழுந்திருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிடலாமா, அல்லது பிரித்துத்தான் செய்ய வேண்டுமா?

மூலைமட்டம்:

அடைக்க வேண்டாம். கோடையில் திறந்திருக்கும் விரிசலைக் கெட்டியாக அடைத்துவிட்டால், ஐப்பசி அடைமழையில் மரம் உப்பும்போது அந்த அடைப்பே ஆப்பாக மாறி விரிசலை மேலும் நீட்டிவிடும்.

உங்கள் ஒட்டுவேலையில் குறை எதுவும் இல்லை. ரேகைக்கு இணையாக, இடைவெளியின்றிப் பொருந்த ஒட்டிய விளிம்பு மரத்தைவிட வலுவாக இருப்பதால்தான் மரம் முதலில் விட்டுக்கொடுத்திருக்கிறது. காரணம் அடியில் உள்ள சட்டங்களே. மரம் நீளவாக்கில் சுருங்குவது கணக்கில் கொள்ளாத அளவுக்குச் சிறியது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். தட்டையாக, அதாவது ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்கு ஏறத்தாழ இணையாகக் கிடக்குமாறு அறுத்த தேக்கு, மரத்தின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு மாறும்போது அகலத்தில் ஏறத்தாழ 0.19 விழுக்காடு மாறும். ஆண்டு வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு அறுத்த தேக்கு ஏறத்தாழ 0.10 விழுக்காடு மாறும். உங்கள் மேசையின் அகலம் 600 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, மழைக்கும் கோடைக்கும் இடையில் ஈரப்பதம் 4 விழுக்காடு இறங்கினால், தட்டையாக அறுத்த பலகை நான்கரை மி.மீ. வரை சுருங்க வேண்டும். குறுக்குச் சட்டமோ தன் நீளவாக்கில் கிடப்பதால் அசையாது. ஒன்று சுருங்க வேண்டும், மற்றொன்று விடாது என்னும் இழுபறியில், முனையிலிருந்து மரம் பிளந்திருக்கிறது. பலகையின் வெட்டுமுனை மற்ற இடங்களைவிட விரைவாக உலரும் என்பதால் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ஆகவே முதலில் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஒட்டிய சட்டத்தைப் பிரித்துக் காப்பாற்ற முயல வேண்டாம். உளியால் அதைச் சிறு சிறு துண்டுகளாகப் பெயர்த்தெடுத்து, எஞ்சியதை இழைப்புளியால் இழைத்துவிடலாம், சட்டத்தின் விலை மேற்பலகையின் விலைக்கு முன் ஒன்றுமில்லை. கட்டு நீங்கிய பலகையை அறைக்குள், தரையில் படாமல், இரு கட்டைகளின் மேல் சில நாள்கள் கிடத்தி வையுங்கள். விரிசல் பெருமளவு தானாகவே மூடிக்கொண்டால், மெல்லிய தகட்டால் பசையை உள்ளே செலுத்திக் கிளாம்ப் இட்டு இறுக்கலாம். மூடவில்லை என்றால், விரிசல் வழியே நெடுக அறுத்து, விளிம்புகளை இழைத்து மறுபடி ஒட்டுவதே நிலையான தீர்வு.

புதிய சட்டத்தில் பசை வேண்டாம். நடுத்திருகாணிக்கு மட்டும் வட்டத்துளை. மற்றவற்றுக்கு மேசையின் அகலவாக்கில் நீண்ட துளை இடுங்கள். நான்கு மி.மீ. திருகாணிக்குப் பத்து மி.மீ. நீளத் துளை போதுமானது. அடுத்தடுத்து இரண்டு மூன்று துளைகள் போட்டு, இடையில் நிற்கும் மரத்தை வட்ட அரத்தால் ராவினால் நீளத்துளை கிடைத்துவிடும். தலைக்கு அடியில் வாஷர் வைத்து, பலகை ஆடாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

மொட்டைமாடிப்பட்டறை:

மிக்க நன்றி ஐயா. மறுபடி ஒட்ட நேர்ந்தால் இரண்டு ஐயங்கள். இழைப்புளியை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் விளிம்பு சற்றுச் சாய்ந்துவிடுகிறது; அதற்கு வழி உண்டா? மரம் போதுமான அளவு காய்ந்திருக்கிறதா என்பதை ஈரமானி இல்லாமல் எப்படி அறிவது?

கொட்டாப்புளி:

முதல் ஐயத்துக்கு எளிய வழி உண்டு. ஒட்ட வேண்டிய இரு பலகைகளையும் புத்தகத்தை மூடுவதுபோல், மேல்முகத்தோடு மேல்முகம் சேர்த்து மடக்கி, இரண்டு விளிம்புகளையும் ஒரே இழைப்பில் இழைத்துவிடுங்கள். இழைப்புளி ஒரு பாகை சாய்ந்திருந்தாலும், பலகைகளை விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றொன்றின் சாய்வு ஈடு செய்துவிடுவதால் மேற்பரப்பு தட்டையாகவே அமையும். இரண்டு விளிம்புகளையும் சேர்த்து இழைக்கும் அளவுக்கு இழைப்புளியின் தகடு அகலமாக இருக்க வேண்டும். ஓரங்குலப் பலகை இரண்டுக்கு, இரண்டங்குலத்துக்குச் சற்றே கூடுதலான தகடு தேவை. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு விளிம்புகளை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதியாமல் பசை தடவுங்கள். காற்றோட்டம் உள்ள இடத்தில், நெருப்பு அருகில் இல்லாதபோது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

மரம் காய்ந்த அளவை அறிய, ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று சொல்லப்படும் கணக்கை நான் நம்புவதில்லை. மரமும் ஊரும் அடுக்கிய முறையும் மாறினால் அதுவும் மாறிவிடும். சமையலறைத் தராசு அதைவிட நம்பகமானது. பலகையின் முனையிலிருந்து ஓரடியாவது உள்ளே தள்ளி ஒரு சிறு துண்டை அறுத்து உடனே எடை போட்டு, மின் அடுப்பில் (ஓவனில்) 103 பாகை செல்சியசில், எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை உலர்த்துங்கள். முதலில் 56 கிராம், முடிவில் 50 கிராம் என்றால், குறைந்த 6 கிராமை உலர்ந்த எடையான 50-ஆல் வகுக்க, ஈரப்பதம் 12 விழுக்காடு என்று கிடைக்கும். துண்டை வீணாக்க மனமில்லை என்றால், பலகையையே வாரம் ஒருமுறை எடை போட்டு, எடை நிலைத்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

மூலைமட்டம்:

இதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மேல்முகத்துக்கு எத்தனை பூச்சு பாலிஷ் கொடுக்கிறீர்களோ, அத்தனையையும் கண்ணுக்குத் தெரியாத அடிமுகத்துக்கும் கொடுங்கள். ஒரு முகம் மட்டும் ஈரத்தை வாங்கி விட்டுக்கொண்டிருந்தால் பலகை கிண்ணம்போல் வளையும். வெட்டுமுனைகளுக்கு ஒரு பூச்சு கூடுதலாகவே இருக்கட்டும். சட்டங்களைப் பொருத்துவதற்கு முன்பே அடிமுகப் பூச்சை முடித்துவிடுவது வசதி.