பேராலயப் பாடகர் குழுவில் மகளைச் சேர்ப்பது குறித்து

வாகைநிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தின் மத்திய பகுதியில் ஒரு நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் இங்குள்ள பேராலயத்தின் இசை இயக்குநர் அவளுடைய பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பாடவைத்துக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவளையும் வேறு இரண்டு பிள்ளைகளையும் 'ஒரு நாள் கோரிஸ்டர்' (கோரிஸ்டர் என்றால் பாடகர் குழுவில் பாடும் பிள்ளை) என்ற நிகழ்வுக்கு அழைத்தார்கள். சனிக்கிழமை காலையில் போனவள், மாலையில் பெரியவர்களோடு நின்று வழிபாட்டில் பாடிவிட்டு வந்தாள். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இப்போது குரல் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

நாங்கள் சைவக் குடும்பம். இதில் என் மாமியாரைவிட எனக்குத்தான் தயக்கம் அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மகள் இரண்டு ஆண்டுகளாகக் கர்நாடக இசை பயின்று, சுரப் பயிற்சியான வரிசைகளை முடித்து, இப்போதுதான் முதல் எளிய பாடல்களான கீதத்துக்கு வந்திருக்கிறாள். மேற்கத்தியப் பயிற்சி அவளுடைய குரலைக் கெடுத்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் எச்சரித்தார். குழுவில் சேர்ந்தால் வாரத்தில் எத்தனை நாள் போகவேண்டியிருக்கும், செலவு எவ்வளவு ஆகும், தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மழைக்கோட்டு (மறுமொழி)

வணக்கம் சகோதரி. என் மகன் எட்டு வயதில் சேர்ந்து, குரல் உடையும் வரை ஐந்து ஆண்டுகள் பாடினான். நாங்களும் சைவர்கள்தான், ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான பேராலயங்கள் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் பிள்ளை அங்கே வழிபாட்டைத்தான் பாடப்போகிறது, கச்சேரி செய்யப் போவதில்லை என்பதை நீங்கள் முழுமையாக ஏற்றுக்கொண்டு அனுப்ப வேண்டும். நற்கருணை வேளையில் என் மகன் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போவான், குருவானவர் அவன் தலையில் கை வைத்து ஆசி கூறி அனுப்பிவிடுவார். யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. தீபாவளிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் எங்களுக்கு விடுமுறை தந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போன பிறகும் இவர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள்.

நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் மிகவும் யோசிக்க வேண்டும். பேராலயத்துக்கென்று தனிப் பள்ளி இருக்கும் ஊர்களில் பிள்ளைகள் வகுப்புக்கு முன்பே ஒத்திகை பார்த்து, மாலையில் வழிபாட்டில் பாடிவிட்டு வீடு திரும்புவார்கள். சில இடங்களில் விடுதியிலேயே தங்குவார்கள். அப்படிப்பட்ட பள்ளிகளில் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பேராலயம் ஏற்கும். என்றாலும் 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி சேர்ந்துவிட்டது, ஆகவே மீதியைக் கவனமாகக் கணக்கிடுங்கள். உங்களுடையது போல நகரத்துப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கும் பேராலயம் என்றால் பள்ளிக் கட்டணம் என்ற கேள்வியே எழாது. சிறிய கைச்செலவுப் பணம் தரும் இடங்களும் உண்டு. ஆனால் பெற்றோரின் கார்தான் விடுதியாகிவிடும். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று மாலையும் ஞாயிறு முழுவதும் அதற்கே போயின. நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் அவனை ஏற்றிக்கொண்டு, பின்னிருக்கையில் இடியப்பத்தையும் சொதியையும் டப்பாவில் கொடுத்து, சொதி சட்டையில் சிந்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊர்ந்து போயிருக்கிறேன். தங்கைக்கு நீச்சல் வகுப்பு என்று ஒன்று இருந்ததையே அந்த ஐந்து ஆண்டுகளில் மறந்துவிட்டோம். மகளுக்கு விருப்பமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், வீட்டில் உள்ள மற்றவர்களையும் கேளுங்கள்.

சுருதிப்பெட்டி (மறுமொழி)

நான் இங்கே கர்நாடக இசை கற்பிக்கிறேன், என் மாணவர்களில் இருவர் இப்படிப் பாடுகிறார்கள். குரல் கெடும் என்பதை நான் ஏற்கவில்லை, ஆனால் குரல் இரண்டு பழக்கங்களுக்கு உட்படும் என்பது உண்மை. 5 கட்டைச் சுருதியில் பாடும் பிள்ளைக்குத் தாரஸ்தாயிப் பஞ்சமத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் 'ப'வைத் தொடுவதே நம்மிடம் உச்சம். பாடகர் குழுவிலோ அதற்கும் மேலே மூன்று சுரம் தள்ளி, சத்தம் போடாமல், மெல்லிய தலைக்குரலில் சர்வசாதாரணமாக நிற்பார்கள். அங்கே ஒரு சுரத்தை அசைக்காமல் நிறுத்தினால்தான் பதினாறு பேர் குரலும் ஒரே குரலாகக் கேட்கும். நம்மிடமோ காந்தாரம் ('க') அசையாமல் நின்றால் அதைத் தோடி ராகம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதல் ஆறு மாதம் என் மாணவி கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகப் பாடினாள், நானும் சற்றுக் கலங்கினேன். பிறகு எந்தக் குரலை எந்த அறையில் எடுக்க வேண்டும் என்பதை அவளே பிரித்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு மொழி பேசும் பிள்ளைகளுக்கு இது அவ்வளவு புதிய வேலை இல்லை. கர்நாடக வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வாரத்துக்கு அரை மணி நேரமானாலும் தொடருங்கள்.

பின்வரிசை (மறுமொழி)

பாளையங்கோட்டைத் தூய திரித்துவப் பேராலயத்தில் பாமாலை பாடி வளர்ந்தவன் நான். இப்போது இங்கே ஒரு பேராலயத்தில் பெரியவர்கள் வரிசையில் பாடுகிறேன். தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸுக்குக் காட்டுகிற கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிச் சிறுவர்களைப் பார்த்துவிட்டுச் சிறுமியருக்கு இதில் இடமில்லை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கல்லூரியின் சிற்றாலயம், பேராலயம் அன்று. 1991இல் சாலிஸ்பரி பேராலயம் சிறுமியருக்கெனத் தனிக் குழு தொடங்கிய பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன, கேன்டர்பரியில் 2014இல் தொடங்கினார்கள்.

குரல் தேர்வைப் பொறுத்தவரை, தயார் செய்து வந்த ஒரு பாட்டைப் பாடச் சொல்வார்கள். பியானோவில் மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்தி நடுச் சுரத்தை மட்டும் பாடு என்பார்கள், கைத்தட்டலைத் திருப்பித் தட்டச் சொல்வார்கள், ஒரு பத்தியை உரக்க வாசிக்கவும் சொல்வார்கள். இந்த வாசிப்புத்தான் பெற்றோருக்கு விளங்குவதில்லை. நம் வேதாகமத்தில் 'சங்கீதம்' என்று பெயர் பெற்ற 150 பாடல்களையும், இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் மாதத்தின் 30 நாள்களுக்குக் காலை, மாலை என்று பங்கிட்டிருக்கிறது. 15ஆம் தேதி மாலைக்கு 78ஆம் சங்கீதம் வரும், அதில் 70க்கும் மேற்பட்ட வசனங்கள். முழுவதையும் பாடுகிற இடத்தில் பழைய பிள்ளைகள் அந்தத் தேதியைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். அந்தப் பாட்டுக்குத் தாளக்கட்டு கிடையாது. எத்தனை சொல் வந்தாலும் ஒரே சுரத்தில் நின்று, பேச்சின் ஓட்டத்திலேயே சொல்லிச் சென்று, தாளில் செங்குத்துக் கோடு போட்டிருக்கும் அசையில்தான் அடுத்த சுரத்துக்கு நகர வேண்டும். தாளமில்லாமல் பாடும் விருத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது எளிதில் பிடிபடும் என்பது என் எண்ணம். ஆனால் வேகமாக வாசிக்கத் தெரியாத பிள்ளை இங்கே தடுமாறிவிடும்.

தேறினால் முதலில் ஏறத்தாழ ஓராண்டு பயிலுநராக இருப்பாள். அங்கியோடு மட்டும் நிற்பாள், வெள்ளை மேலாடை பிறகுதான் கிடைக்கும். அந்த ஓராண்டில் அவளுக்குப் பெரும்பகுதியைக் கற்றுக்கொடுப்பது பக்கத்தில் நிற்கும் பெரிய பிள்ளைதான். சென்ற வாரம்கூட என் எதிர்வரிசையில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தான் பாடிக்கொண்டே, சிறியவளின் தாளில் பென்சில் முனையால் வரியைத் தொட்டுக் காட்டிக்கொண்டு போனாள். பக்கம் திரும்பும்போது இருவர் தலையும் ஒன்றாகத் திரும்பின.

வாகைநிழல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை இதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். 'ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், உள்ளே சூடு போட்டிருப்பார்களா?' என்று கேட்டார்கள். தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டோம். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது தமிழ்ப் பாட்டுத்தான், அதைப் பாடலாமா?

பின்வரிசை

தாராளமாகப் பாடலாம், ஆனால் அலுவலகத்துக்கு முன்பே ஒரு வரி எழுதிவிடுங்கள். குரல் எவ்வளவு தெளிவாக எழுகிறது என்றுதான் பார்ப்பார்கள், ஆகவே நீளமான ஆலாபனை வேண்டாம், இரண்டு நிமிடப் பாட்டுப் போதும். தேர்வு அறையில் தம்பூரா இராது. பியானோவில் ஆதார சுருதியை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்கும்படி மகளிடம் சொல்லி வையுங்கள். உங்கள் மாமியாரிடம் கம்பளிச் சால்வை எடுத்துவரச் சொல்லுங்கள். ஜனவரியில் எங்கள் பேராலயத்தில் பாடும்போது வாயிலிருந்து ஆவி வருவது தெரியும்.