தொங்கலா, கலங்கலா?

வணக்கம்.

நம் அறிவியல் கலைச்சொற்களில், கலவை வகைகளுக்கான பட்டியலில் கரைசல், கூழ்மம் (கொலாய்டு), பால்மம் (எமல்ஷன்) மூன்றும் நன்றாக உட்கார்ந்துவிட்டன. எனக்கு உறுத்துவது சஸ்பென்ஷனுக்கு, அதாவது துகள்கள் கரையாமல் கலந்து நின்று பிறகு படியும் கலவைக்கு, நாம் எழுதிவரும் ‘தொங்கல்’.

ஒரு குவளை நீரில் மண்ணைப் போட்டுக் கலக்குங்கள். கலக்கும்வரை துகள்கள் நீரெங்கும் சுழலும்; கையை எடுத்ததும் இறங்கத் தொடங்கும். எது எங்கே தொங்குகிறது? இவை 1000 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்கள். துகளின் ஆரம் 10 மடங்கானால் அது இறங்கும் வேகம் 100 மடங்காகும். அதனால் பருமணல் உடனே அடியில் கிடக்கும், நுண்களி நெடுநேரம் அலையும். உண்மையில் இறங்காமல் நிற்பது கூழ்மத் துகள்தான். நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் இடித்துக்கொண்டே இருப்பதால் அது அடியில் தங்குவதில்லை. பிரௌனியன் இயக்கம் என்கிறோமே, அதுதான். ஆக, தொங்கல் என்ற பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்கே பொருந்துகிறது! ஆங்கிலச் சொல்லுக்கு வேர் ‘தொங்கவிடு’ என்னும் லத்தீன் வினை. அதை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இது.

என் பரிந்துரை ‘கலங்கல்’. கலங்கியது தெளியும் என்பது தமிழிலேயே இருக்கிறது. பிரிக்கும் முறையைத் ‘தெளியவைத்து இறுத்தல்’ என்றுதானே பாடநூல்களில் எழுதுகிறோம்? கூழ்மம், பால்மம் வரிசையில் நிறுத்தலாமே என்று ‘கலங்கமம்’ என உச்சரித்தும் பார்த்தேன். களங்கம் வந்து எதிரில் நின்றது. விட்டுவிட்டேன்.

---

> என் பரிந்துரை ‘கலங்கல்’.

ஐயா, நீர் ஆய்வில் ‘கலங்கல் தன்மை’ என்பது ஓர் அளவீடு. நீரிலுள்ள துகள்கள் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்பதைக் காட்டுவது. குழப்பம் வராதா? அடுத்து, காற்றில் கிளம்பும் புழுதியும் இந்த வகைதான். அதையும் கலங்கல் என்பீர்களா? தமிழ்நாட்டில் தனிமம், சேர்மம் என்பவை இலங்கையில் மூலகம், சேர்வை. ஏற்கெனவே இரண்டு தடங்களில் ஓடுகிறோம். பழகிய சொல்லைத் தட்டிவிட்டு இன்னொன்றை ஏற்றுவது மாணவர் தலையில்தான் விழும்.

---

அமிலம் வேறு, அமிலத்தன்மை வேறு என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. கலங்கலும் கலங்கல் தன்மையும் அப்படியே பிரிந்து நிற்கும். பாலும் ஒளியைச் சிதறடிக்கிறது. ஆனால் அதைக் கலங்கல் என்று ஒருவரும் சொல்வதில்லை. வைத்திருந்தால் தெளியாது என்பது சொல்பவருக்குத் தெரியும்.

புழுதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ‘வளிக்கலங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே ஒட்டவில்லை. ஆனால் 1861-இல் தாமஸ் கிரஹாம் கொலாய்டு என்ற சொல்லைக் கிரேக்கத்தில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து உருவாக்கினார். இன்று புகையும் மூடுபனியும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கின்றன. புகையில் ஏது பசை? நாமும் அதையே கூழ்மம் என்கிறோம், புகையில் கூழும் இல்லை. அந்த அளவு சலுகையைக் கலங்கலுக்கும் தரலாம்.

மாணவர் சுமை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதனால் பட்டியலில் ‘கலங்கல் / தொங்கல்’ என்று சாய்கோடிட்டுச் சேர்த்திருக்கிறேன், கலங்கல் முதலில். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அடுத்தது ஜெல். அதற்குக் ‘களி’ என்று முன்மொழிந்தவர், களிமண்ணை என்ன செய்வது என்றும் சொல்லிவிட வேண்டும்.