புதுப்பிப்பு: பழைய வைஸில் துரு எடுத்தது

தாத்தாவின் பட்டறை வைஸை (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கருவி) வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பேட்டரி சார்ஜர் இணைத்துத் துரு எடுக்கப்போவதாக எழுதியிருந்தேன். வேலை முடிந்தது. கறுப்பாகப் படிந்ததைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் வார்ப்பு எழுத்துகள்கூடத் தெரிகின்றன.

சார்ஜரின் மைனஸ் கிளிப்பை வைஸிலும், பிளஸ் கிளிப்பை அதே தண்ணீரில் வைஸைத் தொடாமல் வைத்த இன்னொரு உலோகத்திலும் மாட்ட வேண்டும். அந்தப் பிளஸ் பக்கத்துக்கு எவர்சில்வர் கரண்டி போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். எவர்சில்வரில் உள்ள குரோமியம், மின்சாரம் பாயும்போது ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வடிவமாகக் கரைந்து தண்ணீரை மஞ்சளாக்கிவிடும். அது புற்றுநோய் உண்டாக்கும். சாக்கடையில் ஊற்றவும் கூடாது. சாதாரண இரும்புக் கம்பியே போதும்.

அப்புறம், சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் என்ற நச்சு வாயு வரும். எப்படியும் ஹைட்ரஜன் குமிழியிடும் என்பதால் மொட்டை மாடியில்தான் வைத்தேன். ஸ்விட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள், சிறு பொறியே ஹைட்ரஜனைப் பற்றவைத்துவிடும்.