இடுப்பில் மறைத்து வைக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ்: பெங்களூரில் கிடைக்குமா, தேவையா?

பட்டறைக்காரன்:
சிவாஜிநகரில் சின்ன நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் நகரத்பேட்டைக்குப் போய் வேலையைக் கொடுத்துவிட்டு, தங்கமோ ரொக்கமோ வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்புவேன். போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு ரயில்வே பாலத்துக்குக் கீழே இரண்டு பேர் வண்டியை மறித்தார்கள். ஒருவன் கத்தியை என் விலாவில் வைத்து அழுத்தினான். பின்னால் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டதும் போலீஸ் என்று நினைத்து ஓடிவிட்டார்கள். போனது ஒரு சட்டைப் பொத்தான்தான். ஆனால் அன்றிலிருந்து பாலம் வந்தாலே கை நடுங்குகிறது.

மச்சினன் டல்லாஸில் இருக்கிறான். "அங்கே மறைத்து எடுத்துப் போவதற்கே தனி பர்மிட் உண்டு, நீயும் ஒன்று வாங்கு" என்கிறான். இங்கே அப்படி ஒன்று உண்டா? என்னென்ன கேட்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்குருவி:
வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன். மறைத்து எடுத்துப் போவதற்கென்று நம் நாட்டில் தனி பர்மிட் கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி ஒரே லைசென்ஸ்தான், வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும். வேடிக்கை என்னவென்றால், இங்கே மறைப்பதுதான் விதி. 2016 ஆயுத விதிகளில் 32ஆவது விதியைப் பாருங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டரிலோ பையிலோ இருக்க வேண்டும், முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினால் அதுவே தப்பு.

இப்போது உங்கள் விஷயம். 21 வயது ஆகியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்தில் பெற்ற சிறைத்தண்டனை முடிந்து ஐந்து வருஷம் ஆகாதவர்களுக்கும், நன்னடத்தைப் பிணையில் இருப்பவர்களுக்கும், சித்தசுவாதீனம் இல்லாதவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் 9ஆவது பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. படிவம் ஏ-1இல் விண்ணப்பம், டாக்டர் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பத்திரமாக வைக்க வழி உண்டு என்ற உறுதி, எல்லாம் வேண்டும். பெங்களூர் நகரத்துக்குள் லைசென்ஸ் தருபவர் போலீஸ் கமிஷனர். அவர் உங்கள் ஏரியா ஸ்டேஷனிடம் அறிக்கை கேட்பார். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷம் செல்லும், ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

மெட்ராஸ்சாப்பர்:
வக்கீல் சார் படிவம் எல்லாம் சொல்லிவிட்டார். நான் அல்சூரில் ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படையில் (எம்.இ.ஜி.) 24 வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஒரு வங்கியில் காவலுக்கு டபுள் பேரல் துப்பாக்கியோடு நிற்கிறேன். தம்பி, ஒன்று கேட்கிறேன். கத்தி விலாவில் இருக்கும்போது உங்கள் இரண்டு கையும் எங்கே இருந்தன? ஹேண்டில்பாரில். ரிவால்வர் எங்கே இருக்கும்? சட்டைக்குள், அதற்கு மேலே ஜாக்கெட், ஜிப். ஹெல்மெட்டோடு குனிந்து அதை எடுப்பதற்குள் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸுக்குப் பயந்து ஓடியவன், நீங்கள் இடுப்புக்குக் கை கொண்டுபோனால் ஓடமாட்டான். குத்துவான்.

வாங்காதீர்கள்.

டல்லாஸ்ரிட்டர்ன்:
நான் அவர் மச்சினன் இல்லை, ஆனால் அதே ஊரில் 11 வருஷம் இருந்தேன். இப்போது வைட்ஃபீல்டு. டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத்தடை இல்லாத 21 வயதுக்காரர் பர்மிட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். நியூயார்க்கில் "தகுந்த காரணம் காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்த நூறு வருஷத்துச் சட்டத்தை 2022இல் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டே தூக்கி எறிந்துவிட்டது. இங்கே மட்டும் நேர்மையாகத் தொழில் செய்கிறவன் டாக்டர், போலீஸ், பயிற்சி என்று அலைய வேண்டும். ரவுடி நாட்டுத் துப்பாக்கியை எந்த படிவத்தில் வாங்குகிறான்? சாப்பர் ஐயா சொல்வது பயிற்சி இல்லாதவனுக்குப் பொருந்தும். பயிற்சி எடுத்தால் போச்சு.

கோர்ட்டுக்குருவி:
டல்லாஸ் சார், அங்கே அது அரசியல் சாசன உரிமை. இங்கே அப்படி இல்லை. 2023இல் உத்தரப் பிரதேசத்துக் கள்ளத் துப்பாக்கி வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட் இதே ஒப்பீட்டைச் செய்து, சட்டம் அனுமதித்தால் ஒழிய இங்கே யாருக்கும் அந்த உரிமை இல்லை என்று சொன்னது. ரவுடி படிவம் நிரப்புவதில்லைதான். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை முன்பு ஒன்றிலிருந்து மூன்று வருஷம், இப்போது இரண்டிலிருந்து ஐந்து.

அப்புறம், பட்டறைக்காரரின் மச்சினன் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவா, நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டா? எச்-1பி என்றால், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இல்லாவிட்டால், அமெரிக்க மத்திய சட்டப்படி அவரே துப்பாக்கி வைத்திருக்க முடியாது.

பட்டறைக்காரன்:
எச்-1பிதான். கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

டல்லாஸ்ரிட்டர்ன்:
சரி, அது உங்கள் குடும்ப விவகாரம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. "உண்மையான தேவை" என்று விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். யார் அளப்பது அதை? எம்.எல்.ஏ.வுக்குத் தேவை இருக்கிறது, பில்டருக்கு இருக்கிறது, பட்டறைக்காரருக்கு இல்லையா? சொத்து இருப்பவனுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கோர்ட்டுக்குருவி:
நடைமுறை பற்றி உங்களோடு சண்டை போடமாட்டேன். ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14ஆவது பிரிவே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். கேட்டால் சுருக்கமாகக் கொடுக்க வேண்டும், பொதுநலனுக்குக் கேடு என்றால் மட்டும் கொடுக்காமல் இருக்கலாம். 18ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 13ஆவது பிரிவு எல்லாத் துப்பாக்கியையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கியைத் தற்காப்புக்கு ஒரு குடிமகன் கேட்டால், வேறு தடை இல்லாதபட்சத்தில் கொடுக்கச் சொல்கிறது. ரிவால்வர் என்றால் "நல்ல காரணம் உண்டு" என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். அதாவது வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற துப்பாக்கிக்கு ஒரு அளவுகோல், இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நடக்கிற துப்பாக்கிக்கு இன்னொன்று. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. விதி 12இல் தொழில் காரணமாக உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தேவைப்படுபவர்கள் என்றே இருக்கிறது. தங்கம் கொண்டுபோகிறவர் அதற்குள் வரலாம்.

கம்மனஹள்ளிஅக்கா:
இவ்வளவு நேரம் வாங்குவது பற்றியே பேசுகிறீர்கள். வைத்திருப்பது பற்றி நான் சொல்கிறேன். அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்துவிட்டு, பக்கத்திலேயே கொஞ்சம் நிலம் வாங்கினார். காட்டுப் பன்றிக்காக ஒரு டபுள் பேரல். பழைய பச்சை கோத்ரெஜ் பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் நிற்கும். தோட்டா தனியாக, அரிசி டிரம்முக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னில். பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், என் தம்பிக்கும் தெரியும். அவனுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அந்தத் துப்பாக்கி கட்டில் மேல் கிடந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து குழலுக்குள் ஊதிக்கொண்டிருந்தான், புல்லாங்குழல் மாதிரி. தோட்டா இல்லை. ஆனாலும் இன்றைக்கும் அந்த ஊதல் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்பா போன பிறகு அது இன்னொரு கதை. அவர் லைசென்ஸ் அவரோடு முடிந்தது. துப்பாக்கியை உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம், ஆனால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். நாங்கள் மூன்று பேரும் வேண்டாம் என்று கொடுத்துவிட்டோம். பட்டறைக்காரரே, உங்கள் வீட்டில் குழந்தைகள் உண்டா?

பட்டறைக்காரன்:
இரண்டு பேர் அக்கா. பெரியவனுக்குப் பத்து.

டல்லாஸ்ரிட்டர்ன்:
அக்கா, அது பூட்டின் தப்பு. நம்பர் லாக் பெட்டி வாங்கினால் தீர்ந்தது. பக்கத்திலேயே குடகு இருக்கிறது. அங்கத்துக் கொடவர் இனத்தாருக்கும் ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம் என்று விலக்கு, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அது சரி என்றது. அங்கே தினமும் தெருவில் சுட்டுக்கொண்டா இருக்கிறார்கள்?

மெட்ராஸ்சாப்பர்:
கொடவர்களோடு சேர்ந்து பணி செய்திருக்கிறேன். அவர்கள் துப்பாக்கிக்குப் பூசை போடுகிறவர்கள். தாத்தா கையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அவர்களையும் சில நாள் பயிற்சியில் சான்று வாங்குகிறவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நான் காலையில் துப்பாக்கியை எடுத்ததும் முதலில் மடித்துத் திறந்து இரண்டு குழலிலும் விரல் விட்டுப் பார்ப்பேன். நேற்று ராத்திரி நானே காலியாக்கி வைத்ததுதான், நானேதான் பூட்டினேன். இருந்தாலும் பார்ப்பேன். பண்டிகை, பனி, காய்ச்சல், எந்த நாளும் விட்டதில்லை. பட்டறையில் பதினாறு மணி நேரம் ஊதுகுழலோடு உட்கார்ந்துவிட்டு வருகிற மனுஷன் இதைச் செய்வாரா என்று அவரே சொல்லட்டும்.

டல்லாஸ்ரிட்டர்ன்:
செய்யமாட்டார் என்று நீங்கள் எப்படி முடிவு செய்யலாம்? ஊதுகுழலும் ஆசிட்டும் வைத்துத் தினமும் வேலை செய்கிறவர் அவர். உங்களைவிட ஜாக்கிரதைக்காரராக இருக்கலாம்.

மெட்ராஸ்சாப்பர்:
அதுவும் சரிதான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

கம்மனஹள்ளிஅக்கா:
பெப்பர் ஸ்ப்ரே போதாதா? லைசென்ஸும் வேண்டாம், ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

கோர்ட்டுக்குருவி:
போதலாம். ஆனால் அதையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 2024இல் ஒரு தகராறில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தவர்கள் மேல் இருந்த வழக்கை ரத்து செய்ய கர்நாடக உயர்நீதிமன்றம் மறுத்தது, அது ஆபத்தான ஆயுதம் என்ற ரீதியில் பேசியது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்ததா என்பதுதான் கேள்வி. கத்தி விலாவில் இருந்தால் அது வேறு. தற்காப்பு உரிமை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த மாதிரியே, அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது.

துப்பாக்கி வாங்கினால் வருகிற சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லைசென்ஸ் கர்நாடகாவுக்கு மட்டும் என்றால், ஓசூரில் மாமியார் வீட்டுக்குப் போகும்போது அத்திப்பள்ளியைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 9 எம்.எம். பிஸ்டல் மாதிரி தடை செய்யப்பட்டவை உங்களுக்குக் கிடைக்காது, .32 ரிவால்வர் மாதிரிதான். விலை? பெண்களுக்கென்று 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்த நிர்பீக், அரைக் கிலோ எடை, அப்போதே 1 லட்சத்து 22 ஆயிரம் சொச்சம்.

சரி, முக்கியமான கேள்வி. பாலத்துச் சம்பவத்துக்கு எஃப்.ஐ.ஆர். நம்பர் என்ன?

பட்டறைக்காரன்:
புகார் கொடுக்கவில்லை சார். ஒன்றும் போகவில்லையே என்று விட்டுவிட்டேன்.

கோர்ட்டுக்குருவி:
அப்படியானால் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? பொத்தான் போனது என்றா? ஸ்டேஷன் அறிக்கையில் "இவருக்கு இதுவரை எந்த மிரட்டலும் பதிவாகவில்லை" என்று வந்தால், கமிஷனர் எதை வைத்துத் திருப்தி அடைவார்?

டல்லாஸ்ரிட்டர்ன்:
இதில் மட்டும் வக்கீலோடு ஒத்துப்போகிறேன். முதலில் புகார்.

மெட்ராஸ்சாப்பர்:
தம்பி, எந்த ஸ்டேஷன் எல்லை அது? நாளைக்கு எனக்கு வார விடுமுறை. பத்து மணிக்கு நானும் வருகிறேன். அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தால் எடுத்து வாருங்கள்.

பட்டறைக்காரன்:
வீட்டுக்காரி அன்றைக்கே பொத்தான் தைத்துவிட்டாள் ஐயா. வேற நிறம். அப்படியே எடுத்து வருகிறேன்.