ஆப்ரகாம் ஏரியின் உறைந்த குமிழிகளைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். சனவரி இறுதியில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள ஆப்ரகாம் ஏரிக்குச் செல்லவிருக்கிறேன். பனிக்கட்டிக்குள் அடுக்கடுக்காக உறைந்து நிற்கும் மீத்தேன் குமிழிகளை வானம் பிரதிபலிக்காமல் எடுப்பது எப்படி? சுற்றியுள்ள வெண்பனி சாம்பல் பூத்தாற்போல் பதிவாவதை எவ்வாறு தவிர்ப்பது?

பதில் 1:
கேமராவின் ஒளிமானி எதிர்ப்படும் காட்சியை நடுத்தரச் சாம்பலாகக் கருதியே கணக்கிடுவதால், வெண்பனி நிறைந்த காட்சி இருண்டுவிடுகிறது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது), ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது விளிம்பில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழலிலுள்ள பனி நீலமாகத் தெரிவது வானத்து ஒளியால்தான். அதை முற்றிலும் நீக்கினால் படத்தில் குளிரே இராது என்பது என் கருத்து.

பதில் 2:
பிரதிபலிப்புக்கு, லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றும் வடிகட்டியான போலரைசர்தான் மருந்து. பனிக்கட்டிப் பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அது மிக நன்றாக வேலை செய்யும். நேர் மேலிருந்து எடுத்தால் பயனில்லை. அகலக்கோண லென்ஸை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, எஃப்/11 என்ற துளை அளவில், அருகிலுள்ள குமிழியின்மேல் குவியம் வையுங்கள். ஓயாத காற்று பனித்தூளை வாரிக்கொண்டு போவதால், துடைக்கும் வேலை பெரும்பாலும் இருக்காது.

பதில் 3:
ஒன்றை மறவாதீர்கள். இது 1972-இல் பிக்ஹார்ன் அணையால் உருவான நீர்த்தேக்கம். குளிர்காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது கரையோரப் பனிக்கட்டி தாங்குதலின்றி வெடிக்கும். காலணியில் முட்தகடு கட்டாமல் இறங்கவே வேண்டாம். உபரி பேட்டரிகளைக் குளிர் தாக்காதபடி உட்சட்டைப் பையில் வையுங்கள். அறைக்குள் நுழையுமுன் கேமராவை நெகிழிப்பையில் இட்டு இறுக மூடினால், ஈரம் பையின் மேலேயே படியும்.