அடிமை முறையைத் தொடமாட்டேன் என்று லிங்கன் சொல்லியும் தென்மாநிலங்கள் ஏன் பிரிந்தன?

விளாத்திகுளம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், ஏற்கெனவே அடிமை முறை இருக்கிற மாநிலத்துல கை வைக்கமாட்டேன்னு லிங்கன் பதவி ஏத்த அன்னைக்கே சொல்லிட்டாராமே, அப்புறம் எதுக்குச் சண்டைக்குப் போனாங்க?" என்று கேட்டாள்.

வடக்கே தொழிற்சாலை, தெற்கே விவசாயம் என்று இரண்டு வரி சொல்லி உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் அம்மா பருத்தி எடுக்கப் போகிறவர். பிள்ளை சும்மா கேட்கவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. 1863 விடுதலைப் பிரகடனம் எல்லா அடிமைகளையும் விடுவிக்கவில்லை என்கிறார்களே, அது சரியா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள்.

கரிசக்காட்டான், கோவில்பட்டி:

டீச்சர், அந்தப் பிள்ளையை என் சார்பில் பாராட்டுங்கள். வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் போரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

லிங்கன் சொன்னது உண்மை. 1861 மார்ச் 4 உரையில் அப்படியே இருக்கிறது. அதற்கு முன்பே நாடாளுமன்றம் ஒரு அரசியல் சட்டத் திருத்தத்தையும் நிறைவேற்றி வைத்திருந்தது. மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமை முறையில் மத்திய அரசு ஒருநாளும் தலையிட முடியாது என்பது அதன் சாரம். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. இதைக் காட்டிக் கூப்பிட்டும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

லிங்கன் இறங்கி வராத இடம் ஒன்று உண்டு. அடிமை முறை இனிமேல் மாநிலமாக ஆகாத புதுப் பிரதேசங்களுக்குப் பரவக் கூடாது என்றார். 1860 டிசம்பரில் கென்டக்கி செனட்டர் கிரிட்டெண்டன் ஒரு சமரசம் கொண்டுவந்தார். 36 பாகை 30 கலை என்ற அட்சக்கோட்டைக் கலிபோர்னியா எல்லை வரைக்கும் இழுப்போம், அதற்குத் தெற்கே இருக்கும் பிரதேசங்களில் அடிமை முறை இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பரவுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று லிங்கன் தன் கட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். பேச்சு அங்கேயே முறிந்தது.

சரி, இருக்கிறதைத் தொடமாட்டேன் என்றால் போதாதா, புது நிலம் எதற்கு? இங்கேதான் பருத்தி வருகிறது. என் அப்பா ஜின்னிங் மில்லில் வேலை பார்த்தவர், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டில் விளைந்த குட்டை இழைப் பருத்தியில் கொட்டையைப் பஞ்சு விடவே விடாது. பச்சைக் கொட்டை, மேலெல்லாம் பிசுபிசுவென்று பூம்பஞ்சு ஒட்டியிருக்கும். கையால் பிரித்தால் ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு பவுண்டு பஞ்சு தேற்றலாம். நம் ஊர் மணை மாதிரி இரண்டு உருளைக்கு நடுவே விட்டு அரைப்பது வழவழப்பான கொட்டைக்குச் சரி, இதற்குச் சரிப்படவில்லை. 1793இல் எலி விட்னி செய்த எந்திரத்தில் உருளை முழுக்கக் கம்பிப் பற்கள். பல் பஞ்சைப் பிடித்து ஒரு சல்லடைச் சந்து வழியாக இழுக்கும். கொட்டை அந்தச் சந்தில் நுழையாமல் இந்தப் பக்கமே விழும். ஒரு பவுண்டு ஐம்பது பவுண்டானது. கொட்டை எடுக்கும் வேலை எந்திரத்துக்குப் போனது. செடி வைக்க, களை வெட்ட, பருத்தி எடுக்க மனிதக் கைதான் வேண்டும். 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறக்குறைய 40 லட்சம்.

சாயங்காலம் கூடையைத் தராசில் வைப்பார்கள். வாஷிங்டனில் கடத்தப்பட்டு லூசியானாவில் 12 ஆண்டுகள் அடிமையாக இருந்து 1853இல் மீண்ட சாலமன் நார்த்தப், ஒரு நாள் எடுப்பு 200 பவுண்டு என்று கணக்கு வைத்திருந்ததை எழுதியிருக்கிறார். நம் கணக்கில் 90 கிலோ. குறைந்தால் சவுக்கு. நன்றாக எடுத்துவிட்டால் மறுநாளிலிருந்து அதுவே அவருக்கு அளவு. அதனால் தராசுப் பக்கம் போகவே எல்லாரும் நடுங்குவார்கள் என்கிறார். வெடித்த காயின் ஓட்டு நுனி நகக்கண்ணில் ஏறினால் எப்படி இருக்கும் என்று உங்கள் மாணவிக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

வருஷா வருஷம் பருத்தியே போட்டதில் கிழக்கே மண் சத்து இழந்தது. மேற்கே நகர்ந்தார்கள். மேற்கே ஆள் இல்லாத பூமியா? ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பியில் செரோக்கி, கிரீக், சோக்டா, சிக்கசா மக்கள் இருந்தார்கள். 1830இல் சட்டம் போட்டு அவர்களைப் பெயர்த்தார்கள். 1838இல் ராணுவத்தைக் கொண்டு செரோக்கி மக்களை விரட்டியதில் வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த நிலத்தில்தான் பருத்தி ராஜ்யம் எழுந்தது. அதை உழுவதற்கு வர்ஜீனியா, மேரிலாந்திலிருந்து ஆண்களைச் சங்கிலியில் கோத்து நடத்திக் கூட்டிப்போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் பின்னால் நடந்தார்கள். 1808க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து இறக்கத் தடை, ஆகவே உள்நாட்டு விற்பனை சூடுபிடித்தது. போருக்கு முன்னான தலைமுறைகளில் இப்படித் தெற்கே கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 10 லட்சம் பேர். தாய் ஒரு ஊர், பிள்ளை ஒரு ஊர்.

இதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள், டீச்சர். வர்ஜீனியா முதலாளிக்குத் தன் நிலத்தைவிட ஆள்தான் சொத்து. மேற்கே புது நிலம் திறந்தால் ஆள் விலை ஏறும், அடைத்தால் விழும். அந்த நாட்டின் ரயில்பாதைகளும் ஆலைகளும் பெறுகிற விலையைவிட அடிமைகளின் மேல் போட்டிருந்த விலை அதிகம். "பரவக் கூடாது" என்ற ஒரு சொல் அவர்களுக்குச் சொத்தை முடக்குவதாகக் கேட்டது.

அடுத்தது செனட். மாநிலத்துக்கு இரண்டு உறுப்பினர், மக்கள் தொகை எவ்வளவானாலும். 1819இல் அடிமை மாநிலம் 11, அடிமை முறை இல்லாத மாநிலம் 11. மிசௌரி அடிமை மாநிலமாக உள்ளே வந்தால் தராசு சாயும். 1820இல் அடிமை முறை இல்லாத மெயினையும் சேர்த்துச் சமன்செய்து, மேற்கே அந்த 36 பாகை 30 கலைக் கோட்டைப் போட்டார்கள். 1845இல் டெக்சாஸைச் சேர்த்தார்கள். மெக்சிகோ 1829லேயே அடிமை முறையை ஒழித்த நாடு. அதனோடு 1846இல் போர் தொடுத்து 1848இல் கலிபோர்னியா முதல் நியூ மெக்சிகோ வரை வாங்கினார்கள். அந்த நிலத்தில் அடிமை முறை கூடாது என்று வில்மட் என்ற உறுப்பினர் கொண்டுவந்த யோசனை கீழ்ச்சபையில் தேறியது, செனட்டில் நின்றது. 1850இல் கலிபோர்னியா அடிமை முறை இல்லாமல் வந்தது. 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் பழைய எல்லைக்கோட்டை அழித்து, அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. இரண்டு தரப்பும் துப்பாக்கியோடு போய் இறங்கினார்கள். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் லிங்கனின் குடியரசுக் கட்சி. 1857இல் உச்ச நீதிமன்றம், விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில், பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்றுவிட்டது. அந்தக் கட்சியே சட்டவிரோதம் என்கிற மாதிரியான தீர்ப்பு. மூன்று வருஷத்தில் அதே கட்சி ஜெயித்தது. அப்போது கணக்கு 18க்கு 15. இனி வருகிற மாநிலமெல்லாம் அந்தப் பக்கம்தான் என்று தெற்குக்குத் தெரிந்துவிட்டது. 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா கிளம்பியது.

பாளை மாணவன்:

சார், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் பயிற்சி வகுப்பில் முக்கியக் காரணம் மாநில உரிமை, இறக்குமதி வரி என்றுதான் சொன்னார்கள். அடிமை முறை பிறகு ஒட்டவைத்த காரணம் என்றார்கள். வரிக்கு ஒன்றும் பங்கு இல்லையா?

கரிசக்காட்டான், கோவில்பட்டி:

தம்பி, வரிச் சண்டை இருந்தது. அது உச்சத்தில் இருந்தது 1832இல். தென் கரோலினா அப்போதும் மிரட்டியது, பிறகு சமாதானமானது. 1860இல் ஏன் பிரிந்தார்கள் என்று பிரிந்தவர்களிடமே கேட்போம், அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மிசிசிப்பியின் அறிக்கை ஆரம்பத்திலேயே, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்கிறது. பிரிந்த மாநிலங்கள் அமைத்த புதிய கூட்டரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் பேசும்போது, கறுப்பின மக்கள் வெள்ளையருக்குச் சமம் இல்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். வெளிப்படையாக, பெருமையாகப் பேசினார். அவர்கள் மறைக்காததை நாம் ஏன் மறைக்கவேண்டும்?

மாநில உரிமைக்கு வருவோம். 1850இல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கேட்டு வாங்கியது தெற்கு. அதன்படி வடக்கே பாஸ்டனுக்கு ஓடிப்போன ஒருவரைப் பிடித்துக் கொடுக்க அந்த ஊர்க்காரன் உதவவேண்டும், உதவாவிட்டால் தண்டனை. பிடிபட்டவர் தன் பக்கம் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. மாசசூசெட்ஸ் மாதிரி மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் இதைத் தடுக்கப் பார்த்தபோது கொதித்தது யார்? தெற்கு. தென் கரோலினா அறிக்கையின் பெரிய குறையே, வட மாநிலங்கள் அந்தச் சட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்பதுதான். தேர்வில் எப்படிக் கேட்டாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள், உரிமை என்ற பேச்சு எதைக் காப்பாற்ற வந்தது என்பது விளங்கிவிடும்.

முத்துநகர்:

அண்ணாச்சி எழுதியதோடு நம் கரைப் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்க்கிறேன். போர் தொடங்கியதும் லிங்கன் தெற்குத் துறைமுகங்களைக் கடற்படையால் அடைத்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆலைகள் நின்றன, கூலிகள் பட்டினி கிடந்தார்கள். இங்கிலாந்து இந்தியப் பருத்திக்குத் திரும்பியது. எங்கள் தூத்துக்குடித் துறையிலும் அப்போது பருத்திக்கு மவுசு. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும், பொதிகளைத் தோணியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். லிவர்பூல் சந்தையில் அன்றைய நம் திருநெல்வேலி மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு ரகம் விற்றது. 1865இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, கடன் வாங்கிப் பருத்தி போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த முற்றுகையில் நடந்த ஒன்றை நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். சார்லஸ்டன் துறைமுகத்தில் 'பிளாண்டர்' என்ற நீராவிக் கப்பலை ஓட்டியவர் ராபர்ட் ஸ்மால்ஸ், அடிமை. 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போனபோது கப்பலைக் கிளப்பினார். இன்னொரு படகுத்துறையில் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நின்று, ஒவ்வொரு கோட்டையையும் தாண்டும்போது முறையாக விசில் அடித்தார். சம்டர் கோட்டைப் பீரங்கிக்கு அப்பால் போனதும் கொடியை இறக்கி ஒரு வெள்ளைத் துணியை ஏற்றினார். பாறையும் மணல்திட்டும் தெரிந்த மாலுமிக்கே முடிகிற காரியம். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்:

டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஆமாம், 1863 ஜனவரி 1 பிரகடனம் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டும்தான். அடிமை முறை இருந்தும் வடக்கோடு நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரிக்குப் பொருந்தாது. போர்க்காலத் தலைமைத் தளபதி என்ற அதிகாரத்தில் போட்ட ஆணை அது. விசுவாசமாக இருந்த மாநிலத்தின் மேல் அந்த அதிகாரம் செல்லாது. நாடு முழுவதற்குமான சட்டம் 1865 டிசம்பரில் உறுதியான 13ஆம் திருத்தம்.

அதற்காகப் பிரகடனத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. படை போகிற இடமெல்லாம் விடுதலையும் போனது. கறுப்பினத்தவர் படையில் சேர வழி திறந்தது, சுமார் 1,80,000 பேர் சேர்ந்தார்கள்.

விடுதலையைத் தொடங்கி வைத்தது வாஷிங்டன் அரசும் இல்லை. 1861 மே மாதம் பேக்கர், மலரி, டவுன்சென்ட் என்று மூன்று அடிமைகள் இரவில் படகேறி வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் இருந்த வடக்குப் படையிடம் போனார்கள். மறுநாளே எஜமானின் ஆள் வந்து, சட்டப்படி திருப்பிக் கொடுங்கள் என்றான். தளபதி பட்லர் வக்கீலாக இருந்தவர். "வர்ஜீனியா தனி நாடு என்கிறீர்களே, வேற்று நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டு, எதிரியின் போர்ச் சொத்து என்று சொல்லி மூவரையும் வைத்துக்கொண்டார். செய்தி பரவியது. சில வாரங்களில் குடும்பம் குடும்பமாக நூற்றுக்கணக்கில் வந்துவிட்டார்கள். லிங்கன் ஆணை எழுதும் முன்பே அவர்கள் நடந்து வந்து கேள்வியை அவர் மேசையில் வைத்துவிட்டார்கள்.

விளாத்திகுளம் டீச்சர்:

ரொம்ப நன்றி. அண்ணாச்சி, நாளைக்கு அந்தப் பிள்ளை அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "விடுதலை ஆன பிறகு யார் காட்டுல வேலை பாத்தாங்க?" என்பாள்.

கரிசக்காட்டான், கோவில்பட்டி:

அதே காட்டில்தான், டீச்சர். இதுதான் என்னை இன்றைக்கும் வருத்துகிற பகுதி.

1865 ஜனவரி 12 அன்று சவானாவில் வடக்குத் தளபதி ஷெர்மன் 20 கறுப்பினச் சபைத் தலைவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் சார்பாகப் பேசியவர் கேரிசன் பிரேசியர், 67 வயது, தன்னையும் மனைவியையும் பணம் கொடுத்து மீட்டுக்கொண்டவர். நிலம் வேண்டும், நாங்களே உழைத்துப் பயிர் செய்து பிழைத்துக்கொள்வோம் என்றார். நாலே நாளில் ஷெர்மன் ஆணை போட்டார். தென் கரோலினாவிலிருந்து பிளாரிடா வரை கடலோர நிலம், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள், பயிரும் வைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்புக் கொடுத்து, அந்த நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். விதைத்தவர்களை ராணுவமே வெளியேற்றியது.

அதே காலத்தில் 1862 குடியேற்றச் சட்டப்படி மேற்கே 160 ஏக்கர் வரை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தார்கள், அதுவும் பழங்குடிகளிடமிருந்து எடுத்த நிலம். நாட்டிடம் நிலம் இல்லாமல் இல்லை.

நிலம் கிடைக்காதவர்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழுதார்கள். விதையும் சாப்பாடும் முதலாளி கடையில் கடன், அறுவடையில் கழிப்பு, பாக்கி அடுத்த வருஷத்துக்கு. வாரமும் வட்டியும் தெரிந்த கரிசல் பிள்ளைகளுக்கு இதை நீங்கள் விளக்கவே வேண்டாம். 13ஆம் திருத்தத்தில் குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு விலக்கும் இருந்தது. வேலையில்லாமல் திரிந்தான் என்று பிடித்து அபராதம் போட்டு, கட்ட முடியாதவர்களைத் தோட்டக்காரர்களிடம் வேலைக்கு அனுப்பினார்கள்.

வகுப்புக்குப் போகும்போது 1820, 1854, 1860 மூன்று வருஷத்து வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையையே கூப்பிட்டு அந்த 36 பாகை 30 கலைக் கோட்டை வரையச் சொல்லுங்கள்.